இரண்டாவது கதிரை

வகுப்பில் நான் திரையில் போட்ட படத்தில் ஒரு பெண் நிற்கிறாள். உச்சந்தலை முதல் கால்விரல் வரை பொன்னும் கல்லும். முகம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை, கண் பாதி மூடியிருக்கிறது. நூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்னர் ஐரோப்பிய நகரங்களில் ஒரு கூட்டம் இயற்கை அலுத்துப்போய் இப்படியெல்லாம் வரைந்தது, எழுதியது, மேடையேற்றியது. டேனிஷில் இதை டெகடன்ஸ் என்பார்கள். தமிழில் நான் நலிவுக் கலை என்று சொல்லிக்கொள்வேன். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு கிம்னேசியத்தில், பல்கலைக்கழகம் போக முந்திய மூன்று வருசப் பள்ளிக்கூடம் அது, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் இலக்கியம் படிப்பிக்கிறேன். வருசத்தில் மூன்று கிழமை இந்தக் கூட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

"இந்த உடம்பைப் பற்றி என்ன கேட்கத் தோன்றுகிறது?" என்று கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தி, "இவள் எப்படிக் கழிப்பறைக்குப் போவாள்?" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். போகமாட்டாள். ஐந்து மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருப்பாள். சேலையில் முப்பது ஊசியாவது குத்தியிருக்கும், ஒன்றைக் கழற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். "நல்ல கேள்வி," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தாள். அவள் எஸ்பியர்க்கில் இருக்கிறாள், வயோதிபர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. அப்பா போன பிறகு அம்மாவும் அவளோடுதான். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் போன மாரியில் பெரியபிள்ளை ஆகிவிட்டாள், கோடை விடுமுறையில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு, அந்தப் பூப்புனித நீராட்டு, செய்வதாக ஏற்பாடு.

"சின்னவளுக்கும் சேர்த்துச் செய்யப் போறம்," என்றாள்.

"அவளும் ஆகிட்டாளே?"

"இன்னும் இல்லை. பதினொண்டு முடிஞ்சுது, இண்டைக்கோ நாளைக்கோ ஆகத்தானே போறாள். கனடாவில இருந்து ஆக்கள் ரெண்டு தரம் வருவினமே? அவளும் தனக்கும் வேணுமெண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள்."

"ஆகாத பிள்ளைக்கு எப்பிடியக்கா?"

"ஏன், நீயும் அண்டைக்கு ஆகேல்லைத்தானே. அம்மா முந்திக்கொண்டு செய்தவ. பிறகு ரெண்டு மாசத்தில வந்ததுதானே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

நான், "பிறகு எடுக்கிறன்," என்று சொல்லிப் போனை வைத்தேன். இரண்டு மாதத்தில் வந்தது என்பது அம்மாவும் நானும் அவளுக்குச் சொன்ன கதை. வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. அது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: அம்மா, நான், ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்.

அந்தச் சாமத்திய வீடு நடந்து முப்பது வருசமாகிறது. அப்போது நாங்கள் ஸ்கீவ என்ற சிறு நகரில் இருந்தோம், விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள். அக்காவுக்குப் பன்னிரண்டரை, எனக்குப் பதினொன்று. அக்கா பெரியபிள்ளை ஆனதும் அம்மாவுக்கு ஒரே கவலைதான். பிள்ளைக்குத் தாய்மாமன் தண்ணீர் வார்க்க வேண்டும். அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம் கனடாவில், இருதய வருத்தத்தோடு. "அண்ணை இன்னொருக்கா வரமாட்டார். பிறகு சின்னவளுக்கு ஆர் தண்ணி வாக்கிறது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டது எங்கள் அறைக்குக் கேட்டது. "அவள் முதல்ல ஆகட்டுமன்," என்றார் அப்பா. அம்மா ஒரு கிழமை யோசித்தார். பிறகு தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்து, சின்னவளும் ஆகிவிட்டாள் என்று சொன்னார்.

பழி முழுவதையும் அம்மாவின் தலையில் கட்டிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அழுதது நான். அக்காவின் பட்டுச்சேலையை அம்மா கட்டிலில் விரித்தபோது, எனக்கும் வேண்டும் என்று தரையில் கால் உதைத்து அழுதேன். அந்த அழுகை கேட்டுத்தான் அம்மா முடிவெடுத்தாரா, முடிவெடுத்த பிறகுதான் நான் அழுதேனா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. இந்த ஒரு விசயத்தில் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நாங்கள் உட்காரச் சிவப்பு வெல்வெற் கதிரைகள் இரண்டு. பாலில் போட அறுகம்புல்லுக்கு எங்கே போவது? அப்பா எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த புல்தரையில் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்தார். மாமா அந்த டேனிஷ் புல்லைப் பாலில் தோய்த்து என் தலையில் வைத்தார். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பின்னலில் கட்டிய சடைநாகம், புயத்தில் வங்கி. என் நிறத்தை விட இரண்டு படி வெள்ளையாக முகத்துக்குப் பூச்சு மா. பொறுக்க முடியாத பாரம். அதைவிடப் பொறுக்க முடியாத சந்தோசம்.

வீடியோக்காரர் எனக்கு நேரே குந்தியிருந்து, "தங்கச்சி, நிமிந்து பாக்காதேங்கோ. கொஞ்சம் வெக்கப்படுங்கோ," என்றார்.

"எப்பிடி?"

"குனிஞ்சு சிரிக்கவேணும். பல்லுத் தெரியக்கூடாது."

மூன்றாம் தடவை சரியாகச் செய்துவிட்டேன். அக்காவுக்கு அது கடைசிவரை வரவில்லை, அவள் உண்மையிலேயே வெட்கப்பட்டாள், அதனால் முகம் அழுவது போல விழுந்தது. "சின்னவள் நல்லாச் செய்யிறாள்," என்று வீடியோக்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வெட்கப்பட ஒரு காரணமும் இல்லாத பிள்ளைதான் நான்.

மாமா இரண்டு வருசத்தில் செத்துப்போனார். அந்தக் கணக்கில் அம்மா நினைத்தது சரிதான்.

எனக்குப் பன்னிரண்டு ஆனது, பதின்மூன்று ஆனது. ஒன்றும் வரவில்லை. விழா முடிந்து மூன்றாம் மாதமே அக்கா ஒருநாள், "உனக்கு இன்னும் இல்லையோ?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னர் அம்மா, "வந்திட்டுது, போன மாசம்," என்றார். அதிலிருந்து தொடங்கியது எங்கள் நாடகம். அக்காவுக்கு எந்த நாளோ எனக்கும் அந்த நாள். ஆட்கள் வந்திருந்தால் அம்மா, "ரெண்டு பேரும் சாமித்தட்டுப் பக்கம் வராதேங்கோ," என்று சத்தமாகச் சொல்வார். மூன்று நாள் விளக்கேற்றக்கூடாது, தட்டில் பூ வைக்கக்கூடாது. அக்காவும் நானும் அறைக்குள் கடதாசிச் சீட்டுக் கட்டோடு இருந்து விளையாடினோம், அவள் வயிற்றுக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைப்பாள், நானும் ஒன்று வைப்பேன். அவள் முனகினால் நானும் முனகுவேன். கெட்டிக்காரி நான்.

அம்மாவும் நானும் அதைப்பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. ஒரு கோவில் திருவிழாவுக்கு முதல்நாள், எனக்கு இல்லாத ஒன்றுக்காக, நான் வரக்கூடாது என்று அம்மா சொன்னபோது மட்டும் அவரை நேரே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. கடவுளிடம்கூட இந்தப் பொய்யைச் சொல்லவேண்டுமா என்ற கோபம்.

பதினாறு வயதில் அடிவயிற்றில் நோ வந்தது. டாக்டரிடம் போனோம். அம்மாவுக்கு டேனிஷ் அவ்வளவு ஓடாது. எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பு. டாக்டர் என்னைப் பார்த்து, "உனக்கு எத்தனை வயதில் வந்தது?" என்று கேட்டார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். எனக்கு விளங்காத கேள்வியில்லை அது, இருந்தும் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் சொல்லட்டும் என்று விட்டேன்.

"பதினொண்டு எண்டு சொல்லு," என்றார் அம்மா.

"பதினொன்று," என்று டேனிஷில் சொன்னேன். கடைசியாக எப்போது என்று கேட்டார், அக்காவின் திகதியைச் சொன்னேன். ஒழுங்காக வருகிறதா என்றார், ஓம் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வெறும் வாயுக் குத்து என்று அனுப்பிவிட்டார்.

இருபத்திரண்டில், பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தனியாகப் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் திரையில் பார்த்துவிட்டுக் கதிரையை என் பக்கம் திருப்பினார். "கருப்பை இல்லாமல் பிறந்திருக்கிறீர்கள். இது நோயில்லை, சில பெண்கள் இப்படிப் பிறக்கிறார்கள். பதினைந்து பதினாறிலேயே தெரிந்திருக்கும், ஆனால் இங்கே பழைய பதிவில் பதினொரு வயதில் வந்ததாக இருக்கிறதே?" என்றார். நான், "வீடியோவும் இருக்கிறது," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, நிற்பாட்ட முடியாமல், அப்படியே அழுகையாகிவிட்டது. அவர் ஒரு பெட்டி கடதாசித் துவாயை என் மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

குசினியில் அம்மாவுக்குச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைக்கவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லாதை. கொக்காவுக்கும் சொல்லாதை," என்றார். அவ்வளவுதான். பிறகு வந்த கலியாணப் பேச்சுகளை எல்லாம், "அவள் படிக்கப் போறாளாம்," என்று அம்மாவே தட்டிக்கழித்தார். ஊர்ச்சனம் இன்றைக்கும் நான் படித்துப் படித்துப் பழுதாய்ப் போனவள் என்றுதான் சொல்கிறது.

ஆய்வேட்டுக்கு நலிவுக் கலையை நான் எடுத்ததற்குக் காரணம் இனிச் சொல்லத் தேவையில்லை. முதல் புத்தகத்தைத் திறந்தபோது யாரோ என் வீடியோவைப் பார்த்து எழுதியது போலிருந்தது. பூசிய முகம், பாரம் தாங்காத கழுத்து, அசையாமல் நின்றால் மட்டும் அழகான உடம்பு. பிள்ளை பெறாத பெண்ணை அவர்கள் கொண்டாடினார்கள், இயற்கை தொடாதவள், உலோகப் பூ, என்றெல்லாம். எனக்கு முதலில் தாய்வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதம் போக எரிச்சல் வரத் தொடங்கியது. அந்தக் கதைகளில் ஒருவரும் நகை கழற்றுவதில்லை. எத்தனை பக்கம் புரட்டினாலும் கொக்கி மாட்டுவார்கள், முத்துக் கோப்பார்கள், கழற்றுகிற காட்சி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சாமத்திய வீடு முடிந்த அன்று இரவு அம்மா என் காதில் ஒட்டிப்போன மாட்டலைத் தேங்காயெண்ணெய் தடவி எடுத்ததும், இடுப்பில் ஒட்டியாணம் அறுத்த சிவப்புக் கோட்டில் ஊதிவிட்டதும் எனக்குத் தெரியும். அந்த உலோகப் பூவிடம் டாக்டர் என்ன கேட்டார், அவள் என்ன பொய் சொன்னாள் என்பதும் அந்த எழுத்தாளர்களுக்குத் தெரியாது. ஆய்வேட்டில் அதை எழுதினேன், என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல். என் பேராசிரியர், "நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

அக்கா தொலைபேசி எடுத்த பிறகு வந்த சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு எஸ்பியர்க் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மேடையேறப் பழகிய உடம்பு, ஒத்திகை இல்லாமல் ஒன்றும் செய்யாது.

அக்கா பழைய வீடியோவைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தாள். மண்டபத்தில் பெரிய திரையில் போடப் போகிறாளாம், அன்றைக்கு நாங்கள், இன்றைக்குப் பிள்ளைகள் என்று. மூத்தவள் ஹாண்ட்போல் பயிற்சிக்குப் போய்விட்டாள். சின்னவள், அம்மா, அக்கா, நான் நால்வரும் சோபாவில். நகைப் பெட்டிக்கு வெளியே கிடந்த ஒரு நெற்றிச்சுட்டியைச் சின்னவள் தானே தலையில் குத்திக்கொண்டு வந்திருந்தாள். திரையில் நான் குனிந்து பல்லுத் தெரியாமல் சிரித்தேன். சின்னவள் எனக்குப் பக்கத்தில் இருந்து அதே மாதிரிக் குனிந்து சிரித்துப் பார்த்தாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

"போய் உன்ர நகையெல்லாத்தையும் எடுத்துக் காட்டு, பாப்பம்," என்று அவளை மேலே அனுப்பினேன்.

"அக்கா, எனக்கு வரேல்ல," என்றேன்.

"என்ன வரேல்ல?"

"ரெண்டு மாசத்தில வரேல்ல. ரெண்டு வருசத்திலயும் வரேல்ல. எனக்குக் கருப்பையே இல்லை. பிறக்கேக்கையே இல்லை."

ஒத்திகை பார்த்தது ஒன்று, வாயில் வந்தது இது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையைப் பார்த்தார். திரையில் மாமா எனக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் நின்ற இளம் அம்மாவின் முகம் வெளிறிப்போய் இருந்தது. எத்தனையோ தரம் பார்த்த வீடியோவில் அந்த முகத்தை நான் அன்றுதான் கண்டேன். அம்மா அன்றைக்கே பயந்திருக்கிறார்.

"அண்ணைதான் இன்னொருக்கா வரமாட்டார் எண்டு..." என்று அம்மா தொடங்கினார். பிறகு, "உன்னை விட்டிட்டுச் செய்திருந்தா நீ அழுதிருப்பாய்," என்றார். எழுந்து குசினிக்குப் போனார், கேத்திலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

"அப்ப அந்த மூண்டு நாளும்? என்னோட அறைக்குள்ள இருந்து கடதாசி விளையாடினியே? சுடுதண்ணிப் போத்தல் வைச்சியே?"

"ஓம்."

"எனக்குத் துணையெண்டு நினைச்சன்." அவளுக்குக் குரல் உடைந்தது. "அந்த வீட்டில எனக்கு நல்லா இருந்தது அந்த மூண்டு நாளும்தான்."

"துணைக்குத்தான் இருந்தனான், அக்கா."

"பொய்யா."

"பொய்யாத்தான். ஆனா இருந்தனான்."

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழுதபடியே போனை எடுத்து மேடை சோடிக்கிற மணவறைக்காரருக்கு அடித்தாள். "கதிரை ரெண்டு சொல்லியிருந்தனான். வேண்டாம், ஒண்டு போதும்," என்றாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் சின்னவள், கையில் ஒட்டியாணத்தோடு. அவள் காதில் விழுந்தது அந்த ஒரு கதிரை மட்டும்தான். எங்கள் மற்றக் கதை அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்து டேனிஷில், நீங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தீர்கள், நீங்கள் வந்தபடியால்தான், என்று கத்திவிட்டு மேலே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

நான் போய் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் இருந்தேன். உள்ளே விக்கி விக்கி அழுதாள். "உங்களுக்கு மட்டும் செய்தார்கள்தானே!" என்று டேனிஷில் வந்தது. அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை. முப்பது வருசத்துக்கு முன்னர் தரையில் உதைத்த அதே கால்.

"ஓம், எனக்குச் செய்தவை," என்றேன். "உனக்கும் செய்வம். சேலை நான் வாங்கித் தாறன். ஆனா வந்தாப் பிறகு. வந்தா எனக்குச் சொல்லு."

கதவில் காதை வைத்தேன்.

"வராட்டியும் சொல்லு. பதினைஞ்சு ஆகியும் வராட்டி, ஒருத்தருக்கும் பயப்படாமல் எனக்கு எடுத்துச் சொல்லு. கேக்குதே?"

கதவு நாலு விரல் அளவு திறந்தது. நெற்றிச்சுட்டி காதுப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேனிஷில் கேட்டாள், எனக்குப் பதினாறு வயதில் அந்த டாக்டர் கேட்ட அதே கேள்வியை:

"உங்களுக்கு எத்தனை வயதில் வந்தது?"

எனக்குப் பின்னால் படி கிரீச்சிட்டது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார், கேள்வி அவருக்கும் விளங்கியிருக்கும், இத்தனை வருசத்தில் அவ்வளவு டேனிஷ் அவருக்கு வந்துவிட்டது. என் கழுத்து தானாகவே அவர் பக்கம் திரும்பப் பார்த்தது. நான் திரும்பவில்லை.

"வரேல்ல, செல்லம்," என்றேன். "எனக்கு வரவே இல்லை."